புகார் வேறு, புலம்பல் வேறு: கேமிங் குழுவில் கசப்பு பெருகும்போது என்ன செய்வது

லாஸ்பேட்டையில் நண்பர் ஒருவர் நடத்தும் கேமிங் சென்டருக்கென்று ஒரு டிஸ்கார்ட் சர்வர் (டிஸ்கார்ட் என்ற அரட்டைச் செயலியில் உள்ள குழு) இருக்கிறது. புதுச்சேரி, கடலூர், விழுப்புரம், நெய்வேலிப் பக்கத்துப் பிள்ளைகள் சில நூறு பேர் அதில் இருக்கிறார்கள். அவர்களில் ஒரு பகுதியினர் மாதக் கட்டணம் செலுத்திப் பயிற்சி அறைகளையும் ஞாயிற்றுக்கிழமைப் போட்டிகளையும் பயன்படுத்துகிறவர்கள். போட்டியில் வென்றால் பணம் கிடையாது, ஒரு சிறிய கோப்பையும் பிரியாணியும்தான். அந்தச் சர்வரைக் கவனித்துக்கொள்ளும் மாடரேட்டர்கள் மூவரில் நானும் ஒருவன். கட்டணம் கட்டியவர் குறை சொல்வது அவருடைய உரிமை என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால், குறை சொல்வதற்காக மட்டுமே ஆட்கள் கூடுகிற இடமாக ஒரு குழு மாறிவிட்டால், புதிதாக வருகிறவர் பத்து நிமிடம் படித்துப் பார்த்துவிட்டு ஒரு வார்த்தையும் பேசாமல் வெளியேறிவிடுவார். எங்கள் சர்வர் ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தது. அதைச் சரிசெய்யப் போய் நாங்கள் செய்த தவறுகளையும் சேர்த்தே இங்கே எழுதுகிறேன்.

முதலில் உட்கார்ந்து படியுங்கள்

யாரையும் மியூட் செய்வதற்கு முன்னால், விதிகளைத் திருத்தி எழுதுவதற்கு முன்னால், ஒரு வாரத்துச் செய்திகளை முழுவதுமாகப் படிக்க வேண்டும். நாங்கள் ஒரு பழைய நோட்டில் மூன்று பத்திகள் போட்டுக்கொண்டோம். "நேத்து ராத்திரி ஒன்பது நாற்பதுக்கு, மூணாவது மேட்ச்ல, எங்க நாலு பேருக்கும் ஒரே நேரத்துல பிங் இருநூறைத் தாண்டிடுச்சு" என்று ஒருவர் எழுதினால் அது புகார் (பிங் என்பது இணைப்பின் தாமதம், கீழே விளக்குகிறேன்). அதை யாராவது எடுத்து ஏதாவது செய்ய முடியும். "இந்த கேம் செத்துப்போச்சு, இவனுங்க திருந்தவே மாட்டானுங்க" என்பது புலம்பல். அதில் கேட்பவர் செய்வதற்கு எதுவுமில்லை. சக ஆட்டக்காரரின் அம்மாவை இழுப்பது வசை. இந்த மூன்றையும் "நெகட்டிவிட்டி" என்ற ஒரே மூட்டையில் கட்டித் தூக்கிப் போட நினைத்ததுதான் எங்கள் முதல் தவறு.

நோட்டு நிரம்பிய பிறகு, மூன்றும் மூன்று விதமாகப் பரவியிருப்பது தெரிந்தது. புலம்பல் ஐந்தாறு பேரிடம் குவிந்திருந்தது. சர்வரே கொதிக்கிறது என்று நாங்கள் நினைத்திருந்தது அந்த ஐந்தாறு பேருடைய பேச்சுதான். வசையோ நல்ல பிள்ளைகள் என்று பெயரெடுத்தவர்களிடமும் சிதறிக் கிடந்தது, பெரும்பாலும் இரவு பதினொரு மணிக்கு மேல், தொடர்ந்து தோற்ற பிறகு. லீக் ஆஃப் லெஜண்ட்ஸ் விளையாட்டை நடத்தும் ரயட் கேம்ஸ் நிறுவனம் தன் ஆட்டக்காரர்களை ஆராய்ந்தபோதும் ஏறக்குறைய இதையே கண்டது: எப்போதும் மோசமாக நடந்துகொள்பவர்கள் சுமார் 1 சதவீதம்தான் இருந்தார்கள், மொத்த மோசமான நடத்தையில் அவர்கள் பங்கு சுமார் 5 சதவீதம்தான், மீதியில் பெரும்பகுதி அன்றைக்கு நாள் சரியில்லாத சாதாரண ஆட்களிடமிருந்து வந்தது. மூன்றாவதாக, உண்மையான புகார்க்காரர் பெரும்பாலும் ஒரே தடவைதான் சொல்கிறார். பதில் வராவிட்டால் இரண்டாம் தடவை சொல்ல அவர் இருப்பதில்லை. அடுத்த மாதம் கட்டணமும் வருவதில்லை. ஆகவே முதலில் கவனிக்க வேண்டியவர், சத்தமே போடாத இந்த மூன்றாம் ஆள்தான்.

புகாருக்கு ஓர் இடமும் ஒரு தேதியும்

டிஸ்கார்டில் ஃபோரம் வகைச் சேனல் என்று ஒன்று இருக்கிறது. அதில் ஒவ்வொரு புகாரும் தனித் தலைப்பாக நிற்கும், மற்றவர்கள் பேச்சில் அடித்துச் செல்லப்படாது. புகாருக்கென்று அப்படி ஒன்றைத் திறந்து, நான்கே கேள்விகளைக் கேளுங்கள்: எந்த போன் அல்லது கணினி, எந்த இணைப்பு, எத்தனை மணிக்கு, பிங் எவ்வளவு காட்டியது. முடிந்தால் ஒரு ஸ்கிரீன்ஷாட். நான்குக்கு மேல் கேட்காதீர்கள். ரேஷன் கார்டு விண்ணப்பம் போல நீண்டுவிட்டால் உண்மையான புகார்க்காரர் ஓடிவிடுவார், புலம்புகிறவர் மட்டும் பொதுச் சேனலில் தங்கிவிடுவார்.

இந்த நான்கு கேள்விகளுக்குக் காரணம் இருக்கிறது. பிங் என்பது நம் கருவியிலிருந்து கிளம்பிய தகவல் விளையாட்டின் சர்வருக்குப் போய்த் திரும்பிவர எடுக்கும் நேரம், மில்லி விநாடியில். ஐம்பது அறுபதுக்குள் இருந்தால் ஆட்டம் சுகமாக ஓடும்; நூற்றைம்பதைத் தாண்டினால் நாம் சுட்டது எதிரி மறைந்த பிறகுதான் போய்ச் சேரும். ஒரே வீட்டில் இருக்கும் இரண்டு பேருக்கு மட்டும் பிங் ஏறினால் கோளாறு அந்த வீட்டு ரவுட்டரிலோ இணைப்பிலோ இருக்கலாம். அரியாங்குப்பத்திலும் மஞ்சக்குப்பத்திலும் நெய்வேலியிலும், வெவ்வேறு கம்பெனி இணைப்புகளில் இருப்பவர்களுக்கு, ஒரே நிமிடத்தில் ஏறினால் விளையாட்டின் சர்வர் பக்கம் ஏதோ நடந்திருக்கிறது என்று கொள்ளலாம். நேரமும் இணைப்பும் எழுதப்பட்டிருந்தால் இதைப் பிரித்தறிய ஐந்து நிமிடம் போதும். எழுதப்படாவிட்டால் இரவு முழுவதும் சண்டைதான்.

ஒவ்வொரு புகாரின் மேலும் அதன் நிலையைக் காட்டும் லேபிள் ஒன்றை ஒட்டுங்கள். எங்களிடம் நான்கு உண்டு: "பார்த்துவிட்டோம்", "எங்கள் கையில்", "கம்பெனி கையில்", "முடிந்தது". இவற்றில் மூன்றாவதுதான் முக்கியமானது. துப்பாக்கியின் வலுவைக் குறைத்தது, பிடித்த மேப்பை எடுத்தது, தேர்ந்த ஆட்களோடு புதியவரைக் கோத்துவிட்டது ஆகியவற்றுக்கெல்லாம் எங்களால் ஒன்றும் செய்ய முடியாது. பேருந்து தாமதமானால் பயணி பேருந்து நிலையத்து டீக்கடைக்காரரிடம்தான் முதலில் கடுகடுப்பார். நல்ல டீக்கடைக்காரர் பேருந்துக்கு வக்காலத்து வாங்குவதுமில்லை, பயணியோடு சேர்ந்து திட்டுவதுமில்லை; "இன்னும் போகலைங்க, கடைசி வண்டி பத்தே கால்" என்று தனக்குத் தெரிந்ததைச் சொல்லிவிட்டு டீயை ஆற்றிக்கொண்டிருப்பார். குழுவை நடத்துகிறவர் நிற்க வேண்டிய இடமும் அதுதான். விளையாட்டுக் கம்பெனியை விழுந்து விழுந்து ஆதரிக்கும் மாடரேட்டரை யாரும் நம்புவதில்லை, சேர்ந்து திட்டுகிறவரோ எரிகிற அடுப்பில் விறகு வைக்கிறார்.

பதில் எழுதும்போது "விரைவில்" என்ற சொல்லைத் தொடாதீர்கள். எங்கள் மூவருக்குள் அந்தச் சொல்லுக்குத் தடையே போட்டிருக்கிறோம். "தங்கள் கருத்துக்கு நன்றி, விரைவில் சரிசெய்யப்படும்" என்ற பதிலுக்கும் பதில் இல்லாமல் இருப்பதற்கும் படிக்கிறவருக்கு வித்தியாசம் தெரிவதில்லை. அதற்குப் பதிலாக இப்படி எழுதுங்கள்: "சனிக்கிழமை மூன்றாவது மேட்சில் உங்கள் நால்வர் ஸ்க்வாடுக்கு நேர்ந்தது எங்கள் தவறு. ஆட்டத்துக்குள் நுழைவதற்கான அறை எண்ணை ஐந்து நிமிடம் தாமதமாக அனுப்பினோம். அந்த மேட்சின் புள்ளிகளை ரத்து செய்துவிட்டோம். மறு ஆட்டம் புதன் இரவு எட்டு மணிக்கு." என்ன நடந்தது, யார் பொறுப்பு, என்ன செய்தோம், எப்போது என்ற நான்கும் இதில் இருக்கின்றன; சமாதானம் சொல்வது எதுவும் இல்லை.

சமாதானம் சொல்லப் போய் மாட்டிக்கொண்டதற்கு உலகறிந்த உதாரணம் ஒன்று உண்டு. 2017 நவம்பரில், ஸ்டார் வார்ஸ் பேட்டில்ஃபிரண்ட் 2 விளையாட்டில் முக்கியப் பாத்திரங்களைத் திறக்க மணிக்கணக்கில் ஆட வேண்டியிருக்கிறதே என்று ரெடிட் என்ற விவாதத் தளத்தில் ஒருவர் கேட்டார். அவ்வாறு உழைத்துத் திறந்தால் பெருமிதமும் சாதித்த நிறைவும் கிடைக்கும் என்ற பொருளில் அந்த விளையாட்டை வெளியிட்ட இஏ நிறுவனத்தின் தரப்பிலிருந்து பதில் வந்தது. அந்தப் பதிலுக்கு 6 லட்சத்துக்கும் அதிகமான எதிர் வாக்குகள் விழுந்து, அது கின்னஸ் சாதனைப் பட்டியலிலேயே இடம்பெற்றது. கேட்டவர் கொடுத்த காசையும் ஆட வேண்டிய நேரத்தையும் பற்றிக் கேட்டார், பதில் அவர் எப்படி உணர வேண்டும் என்று பாடம் நடத்தியது, அதுதான் எரிச்சல்.

மொத்தமாகக் கோபம் வந்தால் அதைக் கசப்பு என்று தள்ளிவிடவும் கூடாது. 2024 மே மாதம் ஹெல்டைவர்ஸ் 2 விளையாட்டைக் கணினியில் ஆடுகிறவர்கள் பிளேஸ்டேஷன் கணக்கையும் இணைத்தாக வேண்டும் என்று அறிவிப்பு வந்தது. அந்தக் கணக்கே கிடைக்காத நாடுகள் பல இருந்தன. கணினி விளையாட்டுகளை விற்கும் ஸ்டீம் தளத்தில் லட்சக்கணக்கில் எதிர்மறை விமர்சனங்கள் குவிந்தன, சில நாள்களிலேயே பிளேஸ்டேஷனை நடத்தும் சோனி அந்தக் கட்டாயத்தைக் கைவிட்டது. அத்தனை பேரும் கேட்டது ஒரே ஒரு விஷயத்தை, அதுவும் செய்து கொடுக்கக்கூடிய விஷயத்தை. பார்வைக்கு வசவு போல இருந்தாலும், எங்கள் நோட்டில் எழுதினால் அது முதல் பத்தியில்தான் வரும்.

புயல் கற்றுக்கொடுத்தது

2024 நவம்பர் 30ஆம் தேதி சனிக்கிழமை இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தது. ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியது. மறுநாள் ஞாயிறு எங்கள் போட்டி. மின்சாரம் இல்லை, டவர் இல்லை, மாடரேட்டர்கள் மூவரும் இதே ஊரில், முழங்கால் தண்ணீரில். சேலத்திலும் சென்னையிலும் இருந்த உறுப்பினர்கள் குறித்த நேரத்துக்கு வந்து அறை எண்ணுக்காகக் காத்திருக்கிறார்கள். இரண்டு நாள் கழித்து என் போனில் சிக்னல் வந்தபோது முதலில் கண்ணில் பட்ட செய்தி, "கட்டணத்த வாங்கிட்டு ஓடிட்டானுங்க போல" என்பது. அதன் கீழே எழுபது எண்பது பதில்கள். புயலடித்த செய்தியைத் தொலைக்காட்சியில் பார்த்தவர்களே அதை எழுதியிருந்தார்கள் என்பது அன்றைக்கு எனக்குப் பெரிய வருத்தமாக இருந்தது. பிறகு யோசித்தால், அந்த இரண்டு நாளில் அவர்களிடம் ஒரு வார்த்தை சொல்ல ஆளில்லை. வெற்றிடத்தில் முதலில் விழுந்த சொல் முளைத்துவிட்டது.

ஆகவே, குழுவை நடத்துகிறவர்களில் ஒருவராவது வேறு ஊரில் இருக்க வேண்டும். எங்களுக்குக் கோயம்புத்தூரில் இருக்கும் என் மாமா மகன் இருக்கிறான். அவன் விளையாடுவதே இல்லை, ஆனால் சர்வரில் அறிவிப்புப் போடும் அனுமதி அவனிடம் உண்டு. அக்டோபர் பிறந்தால், "மழையால் எங்கள் மூவரின் தொடர்பும் அறுந்திருக்கிறது, போட்டி ஒரு வாரம் தள்ளிவைக்கப்படுகிறது, இம்மாதக் கட்டணம் அடுத்த மாதத்துக்குச் சேரும்" என்ற செய்தியை முன்கூட்டியே எழுதி அவனிடம் கொடுத்துவிடுகிறோம். கடலூர்க் கரையில் எந்தத் தொழில் செய்கிறவரும் வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் ஏதாவது ஒன்றைக் கட்டி வைப்பார். எங்கள் பங்குக்கு நாங்கள் கட்டி வைப்பது இது.

புலம்புகிறவரிடம் தனியே பேசுங்கள்

கடலூர் முதுநகரிலிருந்து ஒரு பையன் தினமும் இரவு பத்து மணிக்கு மேல் வந்து "கேம் செத்துப்போச்சு" என்று எழுதுவான். யார் புதிதாக வந்து சந்தேகம் கேட்டாலும், "அன்இன்ஸ்டால் பண்ணிட்டுப் போய்ப் படி ப்ரோ" என்பதுதான் அவன் பதில். இரண்டு முறை பொதுவில் எச்சரித்தோம், கூட்டம் சேர்ந்ததுதான் மிச்சம். பிறகு ஒருநாள் நான் தனிச் செய்தியில் கேட்டேன்.

"தம்பி, இன்னிக்கு எத்தன மேட்ச் போட்ட?"

"போடலண்ணா."

"நேத்து?"

"நேத்தும் போடல."

"ஏன்?"

கொஞ்ச நேரம் பதில் வரவில்லை. அப்புறம், "ஸ்க்வாட் இல்லண்ணா. அவனுங்க மூணு பேரும் காலேஜ் சேந்துட்டானுங்க, கூப்புடறதே இல்ல" என்று வந்தது.

செத்துப்போனது விளையாட்டல்ல என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. அரியாங்குப்பத்தில் நான்காம் ஆள் இல்லாமல் திண்டாடிய மூவரோடு அவனைச் சேர்த்துவிட்டோம். இப்போதும் புலம்புகிறான், ஆனால் அந்த மூவரின் ஆட்டத்தைப் பற்றி, அந்த மூவரிடமே.

எல்லாப் புலம்பலுக்கும் பின்னால் இப்படி ஒரு கதை இருக்கும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் கேட்டுப் பார்க்க ஒரு முறை உண்டு. பொதுச் சேனலில் கேட்கக் கூடாது; பார்வையாளர் இருக்கும் இடத்தில் யாரும் இறங்கிவர மாட்டார்கள். விளையாட்டு நல்லதா கெட்டதா என்று வாதாடக் கூடாது. கடைசியாக ஆடிய ஆட்டத்தைப் பற்றிக் கேட்க வேண்டும். எழுத்தில் முறைப்பாக இருப்பவர் குரலில் பெரும்பாலும் சாதாரணமாக இருப்பார் என்பதால், முடிந்தால் வாய்ஸில் பேச வேண்டும். இரண்டு மூன்று முறை பேசியும் பயனில்லாவிட்டால், புதியவர்கள் வரும் சேனலில் எழுதும் அனுமதியை மட்டும் எடுத்துவிடுங்கள். மற்ற இடங்களில் அவர் இருந்துவிட்டுப் போகட்டும்.

அதிகம் குறை சொல்கிறவரையே மாடரேட்டர் ஆக்கிவிட்டால் பொறுப்பு வந்து மாறிவிடுவார் என்று ஓர் ஆலோசனையைப் பலரும் சொல்வார்கள். நாங்கள் செய்து பார்த்தோம். அவர் மாறவில்லை, அதுவரை தனியாளாகப் புலம்பியவர் அதன்பின் நிர்வாகத்தின் பெயரால் புலம்பினார். ஒரு மாதத்தில் பதவியைத் திரும்ப வாங்க வேண்டியதாயிற்று, அந்தப் பேச்சு இன்னும் ஓயவில்லை.

வசைக்கு வாசற்படி

நாள் சரியில்லாத சாதாரண ஆளிடமிருந்து வசை வருகிறது என்றால், ஆளை மாற்றுவதைவிட அந்த நேரத்துச் சூழலை மாற்றுவது எளிது. ரயட் கேம்ஸ் லீக் ஆஃப் லெஜண்ட்ஸில் எதிரணியோடு பேசும் வசதியை நீக்காமல், அது முதலில் அணைந்தே இருக்கும், வேண்டுபவர் தாமே திறந்துகொள்ளலாம் என்று மட்டும் மாற்றியது. ஒரு வாரத்தில் மோசமான பேச்சு 30 சதவீதத்துக்கும் மேல் குறைந்தது. பேச்சின் மொத்த அளவோ ஏறக்குறைய அப்படியே இருந்தது. ஒரு படி உயர்த்திக் கட்டினால் வெள்ளம் உள்ளே வராது, ஆள் வந்துபோகவும் தடையில்லை.

டிஸ்கார்டில் அந்தப் படி ஸ்லோ மோட். ஒருவர் ஒரு செய்திக்கும் அடுத்த செய்திக்கும் இடையே காத்திருக்க வேண்டிய நேரத்தை 5 விநாடியிலிருந்து 6 மணி நேரம் வரை வைக்கலாம். நாங்கள் சாதாரண நாளில் வைப்பதில்லை; புதிய அப்டேட் வரும் இரவில் இரண்டு நிமிடம் வைக்கிறோம். இரண்டு நிமிடம் காத்திருந்து எழுதும் வாக்கியத்தில் ஏதாவது விஷயம் இருக்கிறது. தொடர்ந்து தோற்று வாய் தவறியவருக்கு, எழுத முடியாதபடி டைம்அவுட் பத்து நிமிடம், கூடவே "போய் ஒரு டீ சாப்ட்டு வா" என்று தனிச் செய்தி. தடை செய்யப்பட்ட சொற்களின் பட்டியலை டிஸ்கார்டின் தானியங்கி வடிகட்டியான ஆட்டோமாடில் போடலாம்தான், ஆனால் தமிழ் வசவை ஆங்கில எழுத்தில் பத்து விதமாக எழுதுவார்கள். பட்டியலை நீட்டிக்கொண்டே போனால் ஒருநாள் அப்பாவி ஊர்ப் பெயர் ஒன்று அதில் சிக்கும், எங்களுக்குச் சிக்கியது.

சாதியைச் சொல்லித் திட்டுவது, மைக்கைத் திறந்த பெண்ணிடம் அசிங்கமாகப் பேசுவது, வீட்டு முகவரியைக் கண்டுபிடித்து வருவேன் என்று மிரட்டுவது ஆகிய மூன்றுக்கும் டீயும் கிடையாது, பத்து நிமிடமும் கிடையாது. அன்றே வெளியேற்றம். மிரட்டலுக்கு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு காவல்துறைக்குச் செல்லுங்கள்.

பணம் போன புகார்

இதைக் குழுவில் விவாதிக்கவே விடாதீர்கள். யுபிஐயில் பணம் கழிந்து விளையாட்டில் காசு ஏறவில்லை என்றால், கூகுள் பிளேயிலிருந்து வந்த மின்னஞ்சலில் ஜிபிஏ என்று தொடங்கும் ஆர்டர் எண்ணையும், யுபிஐ செயலியில் உள்ள 12 இலக்கக் குறிப்பு எண்ணையும் எடுத்துக்கொண்டு, விளையாட்டுக்குள்ளேயே இருக்கும் வாடிக்கையாளர் சேவையில் எழுதச் சொல்லுங்கள். தவறுதலாக வாங்கியதைத் திரும்பக் கேட்பதாக இருந்தால் 48 மணி நேரத்துக்குள் கூகுள் பிளேயில் கேட்பது நல்லது. பதிலே வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. குறைந்த விலைக்கு யூசி (விளையாட்டுக்குள் செலவழிக்கும் காசு) தருகிறேன் என்று யாரோ ஏமாற்றியிருந்தால் சைபர் குற்ற எண் 1930, அதுவும் உடனே. பணம் வைத்து ஆடும் ஆட்டங்களை 2025 ஆகஸ்டில் வந்த சட்டம் தடை செய்துவிட்டதால், அவற்றைப் பற்றிய எந்தப் புகாரையும் நாங்கள் எடுப்பதில்லை.

மாதத்தின் முதல் ஞாயிறு

போட்டி முடிந்த பிறகு மூவரும் சென்டரிலேயே உட்கார்ந்து, முடியாத புகார்களை வரிசையாகப் படிக்கிறோம். அதிக நாள் கிடக்கும் புகாரை முதலில் படிக்க வேண்டும் என்பது விதி. இல்லாவிட்டால் எளிதாக முடிவதை மட்டும் முடித்துவிட்டு எழுந்துவிடுவோம். முடிந்தவற்றின் பட்டியலை அன்றிரவே பொதுச் சேனலில் போடுகிறோம், முடியாதவற்றையும் காரணத்தோடு. இப்போது அந்தப் பட்டியலின் தலையில் நிற்பது ஏழாம் நம்பர் கணினியின் ஹெட்போன். பொங்கலிலிருந்து இடது காது கேட்கவில்லை என்று நெல்லித்தோப்பிலிருந்து வரும் ஒருவர் எழுதியிருக்கிறார். "எங்கள் கையில்" என்று லேபிள் ஒட்டியவன் நான்தான். நாளை நேரு வீதிக்குப் போக வேண்டும்.